நவம்பர் முதல் நாள்

ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாளன்று திருவனந்தபுரத்துப் பள்ளிகளில் கேரளப் பிறவி விழா கொண்டாடப்படுகிறது. மாணவியர் பொற்கரை இட்ட வெண்ணிற ஆடையும் மாணவர் கரைவேட்டியும் உடுத்தி வருகின்றனர். மலையாளப் பாடல்கள் ஒலிக்கின்றன. பெற்றோரின் பணி காரணமாக இந்நகரில் வந்து குடியேறிய தமிழ்க் குழந்தைகளும் அவ்வாறே உடுத்தி அவ்வரிசையில் நிற்கின்றனர். இவ்விழா அயல்வீட்டுப் பிறந்தநாள் போன்றது, நமக்கு இதில் பங்கில்லை என்று அவர்களுள் சிலர் எண்ணக்கூடும்.

உண்மை அதுவன்று. கேரளம் பிறந்த அதே நாளில்தான் தமிழகத்தின் தென்னெல்லையும் வரையப்பட்டது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வரை கன்னியாகுமரி என்று ஒரு மாவட்டம் இல்லை. குமரிமுனையும் நாகர்கோவிலும் சுசீந்திரமும் குளச்சலும் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்களாகவே இருந்தன. மறுநாள் அவை சென்னை மாநிலத்தின் ஊர்கள் ஆயின. அங்கு வாழ்ந்த மக்கள் ஓரடியும் நகரவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது.

ஒரே நாடு, இரு மொழிகள்

திருவிதாங்கூர் அரசின் பழைய தலைநகர் பத்மநாபபுரம் ஆகும். அது தக்கலைக்கு அருகில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு அவ்வரசின் நெற்களஞ்சியமாக விளங்கியது. அங்கு விளைந்த நெல்லைத் திருவனந்தபுரம் உண்டது. அங்குப் பிறந்தோர் திருவனந்தபுரத்திற்கு வந்து கற்றனர், வணிகம் செய்தனர், அரசு அலுவல் பார்த்தனர். நகரின் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தமிழ் தெருவின் மொழியாகவே வழங்கியது.

எனவே, எவர் எந்த மாநிலத்திற்கு உரியவர் என்று பிரித்துரைப்பது எளிதன்று. கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் சிலையாக நிற்கும் வேலுத்தம்பி தளவாய், ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வீரர் எனக் கேரளம் முழுவதும் போற்றப்படுபவர். அவர் பிறந்த தலக்குளம் இன்று தமிழ்நாட்டில், கல்குளம் வட்டத்தில் உள்ளது. மறுபுறம், தமிழ்நாட்டு அரசு விழாக்களில் முதலில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' என்னும் நாடக நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். தமிழ்நாட்டின் வாழ்த்துப் பாடல் கேரளத் தலைநகரில் வாழ்ந்தவரின் கொடை என்பதை இந்நகர்த் தமிழ்க் குழந்தைகள் சற்றே பெருமிதத்துடன் நினைவிற் கொள்ளலாம்.

மொழிவழி மாநிலம் என்னும் கோரிக்கை

இந்தியா விடுதலை பெற்றபோது மாநில எல்லைகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் விட்டுச் சென்றபடியே இருந்தன. மன்னர்கள் ஆண்ட நாடுகள் ஒவ்வொன்றாக இந்தியாவுடன் இணைந்தன. 1949 சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகித் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் உருவாயிற்று. ஆயினும் ஒரு மொழி பேசுவோர் பல மாநிலங்களில் சிதறியிருந்தனர். மலையாளிகள் திருவிதாங்கூர்-கொச்சியிலும், சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், தென்கன்னட மாவட்டத்தின் காசர்கோட்டிலுமாகப் பிரிந்து வாழ்ந்தனர்.

தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி சீராமுலு 1952 திசம்பர் 15ஆம் நாள் உயிர்நீத்தார். அதனையடுத்து 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தது. ஒரு மொழியினருக்கு மாநிலம் தந்தபின் பிற மொழியினரின் கோரிக்கைகளைத் தள்ளி வைக்க இயலவில்லை. அவ்வாண்டின் இறுதியில் நடுவண் அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை நியமித்தது. பசல் அலி அதன் தலைவர். இருதயநாத் குன்சுரு, கா. மா. பணிக்கர் ஆகியோர் உறுப்பினர்கள்.

திருவிதாங்கூரின் தென்பகுதியில் இக்கோரிக்கை அதற்கு முன்னரே எழுந்துவிட்டது. தமிழர் பெரும்பான்மையாக வாழும் வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலில் ஓர் அமைப்புத் தோன்றியது. அதுவே பின்னர்த் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர் பெற்றது. வழக்கறிஞர் அ. நேசமணி அதன் பெருந்தலைவராக உயர்ந்தார். மக்கள் அவரை 'மார்சல் நேசமணி' என்று அழைத்தனர்.

1954ஆம் ஆண்டு ஆகத்து 11ஆம் நாளை விடுதலை நாளாகக் கடைப்பிடிக்க இவ்வமைப்பு முடிவு செய்தது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட மக்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். பலர் உயிரிழந்தனர். அப்போது மாநிலத்தை ஆண்டது பட்டம் தாணுப் பிள்ளை தலைமையிலான பிரசா சோசலிசக் கட்சி அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த இராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தினார். மக்களைச் சுட்ட அரசு ஆளும் உரிமையை இழந்துவிட்டது என்பது அவர் கருத்து. அமைச்சரவை உடனே விலகவில்லை. ஆயினும், வடநாட்டில் பிறந்த ஒரு தலைவர், தமக்கு அறிமுகமற்ற மொழி பேசிய மக்களுக்காகத் தம் கட்சியையே எதிர்த்து நின்றது அரிய செயல் என்றே சொல்ல வேண்டும்.

ஆணையம் வரைந்த கோடு

1955 செப்டம்பர் 30ஆம் நாள் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. மொழி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மாநிலங்களை அமைக்க இயலாது, அவ்வாறு அமைப்பது விரும்பத்தக்கதும் அன்று என அது கூறியது. நாட்டின் ஒற்றுமை, நிருவாக வசதி, பொருளாதாரம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் நிலை.

இந்நிலையின் விளைவை மேற்குத் தொடர்ச்சி மலையில் காணலாம். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துடன் சேர்க்க ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால், மலைமேல் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே இருக்கட்டும் என்றது. மூணாறு உள்ளிட்ட அப்பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். எனினும் அவர்கள் வேலை தேடி வந்தவர்கள், நிலையாகக் குடியிருப்போர் அல்லர் என்று ஆணையம் கருதியது. மலையின் தோட்டங்களும் நீர்வளமும் புதிய மாநிலத்தின் பொருளாதாரத்திற்கு இன்றியமையாதவை என்றும் எண்ணியது.

அத்தோட்டங்களைக் காடு திருத்தி உருவாக்கியவர்களே அத்தொழிலாளர்கள்தாம். அவர்களுள் பலருக்கு வேறு ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் எஞ்சியிருக்கவில்லை. பல தலைமுறை உழைத்தபின்னும் ஒருவர் வந்தேறியாகவே எண்ணப்படுவாரா, எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் ஓர் ஊர் ஒருவருக்குச் சொந்த ஊர் ஆகும் என்னும் வினாக்கள் அன்று விடையின்றியே நின்றன. திருவனந்தபுரத்திற்கு மிக அண்மையில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தையும் தமிழ்நாடு காங்கிரசு கேட்டது. அதுவும் கிடைக்கவில்லை.

சட்டத்தில் குறிக்கப்பட்ட நாள்

1956 ஆகத்து 31ஆம் நாள் மாநிலச் சீரமைப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அது நடைமுறைக்கு வரவேண்டிய நாளாக நவம்பர் முதல் நாள் குறிக்கப்பட்டது. ஒரு சட்டம் நிறைவேறிய பொழுதே மாநிலத்தை மாற்றிவிட முடியாது. நிலப்பதிவேடுகள் பிரிக்கப்பட வேண்டும். கருவூலத்தில் உள்ள பணமும் அரசின் கடனும் பங்கிடப்பட வேண்டும். எந்த அலுவலர் எந்த மாநிலத்தில் பணியாற்றுவார் என்று முடிவு செய்ய வேண்டும். நடுவிலிருக்கும் வழக்கு எந்த நீதிமன்றத்திற்குச் செல்லும் என்று தெளிவுபடுத்த வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தவே சட்டங்களில் ஒரு நாள் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. நாட்காட்டியில் ஒரு நாள் சிறப்புப் பெறுவது பல வேளைகளில் தற்செயலாக அன்று. அதற்குப் பின்னால் கணக்கர்களின் நெடிய உழைப்பு இருக்கிறது.

அந்நாள் வியாழக்கிழமை. அன்று இந்தியா 14 மாநிலங்களும் 6 ஒன்றிய ஆட்சிப் பகுதிகளும் கொண்ட நாடாக மாறியது. ஐதராபாத்து மாநிலம் மறைந்தது. ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. மைசூர் விரிவடைந்தது. மலபாரும் காசர்கோடும் திருவிதாங்கூர்-கொச்சியுடன் சேர்ந்து கேரளம் ஆயின. அம்மாநிலத்தின் தலைநகராகத் திருவனந்தபுரம் நீடித்தது. உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்தில் அமைந்தது. இலட்சத்தீவுகள் மலபாரிலிருந்து பிரிந்து ஒன்றிய ஆட்சிப் பகுதி ஆயின. தெற்கே நான்கு வட்டங்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் எனப் புதுப்பெயர் பெற்றன. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துடன் இணைந்தது.

திருவிதாங்கூரின் கடைசி மன்னரான சித்திரைத் திருநாள் பாலராம வர்மர், மன்னராட்சி முடிந்தபின் இராசப்பிரமுகர் என்னும் பதவியில் இருந்தார். ஆளுநருக்கு இணையான அப்பதவியும் அக்டோபர் 31ஆம் நாளோடு முடிவுற்றது. கேரளம் பிறந்த நாளில் அதற்கு முதலமைச்சரும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சியே நடந்தது. 1957ஆம் ஆண்டு தேர்தலுக்குப் பின்னர், ஏப்பிரல் 5ஆம் நாள், ஈ. எம். எசு. நம்பூதிரிபாடு தலைமையில் முதல் அமைச்சரவை பொறுப்பேற்றது.

எல்லையின் வடபுறத்தில் தாய்நிலத்தின் ஒரு பகுதி பறிபோனது என்ற வருத்தம் இருந்தது. தென்புறத்தில் தாயுடன் சேர்ந்தோம் என்ற மகிழ்ச்சி இருந்தது. நெல் விளையும் நாஞ்சில் நாட்டை இழந்தது கேரளத்திற்குச் சிறிய இழப்பன்று. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் பெறாதது தமிழகத்திற்கும் அவ்வாறே.

பிற ஆண்டுகளின் நவம்பர் முதல் நாள்

இதே நாளில் வேறு சில மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் தமிழர்க்கு நெருக்கமானது புதுச்சேரியின் வரலாறு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய பகுதிகள் இந்தியாவுடன் இணைவதா என்பதை முடிவு செய்ய, 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூர் என்னும் சிற்றூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962இல்தான் நிறைவேறியது. எனினும் புதுச்சேரி நவம்பர் முதல் நாளையே தன் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது.

1966இல் இதே நாளில் பஞ்சாபிலிருந்து அரியானா பிரிந்தது. 1973இல் மைசூர் மாநிலம் கருநாடகம் எனப் பெயர் மாறியது. 2000ஆம் ஆண்டில் சத்தீசுகர் உருவாயிற்று.

சென்னை மாநிலத்தின் பெயர்மாற்றம் மட்டும் வேறு நாட்களுக்கு உரியது. தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13ஆம் நாள், எல்லைகள் மாறுவதற்குச் சில வாரங்களே இருந்தபோது உயிர்நீத்தார். 1967 சூலை 18ஆம் நாள் சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14ஆம் நாள் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆதலால், தமிழ்நாட்டுக்கு உரிய நாள் எது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. 2019ஆம் ஆண்டில் நவம்பர் முதல் நாள் தமிழ்நாடு நாள் என அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் சூலை 18ஆம் நாளே தமிழ்நாடு நாள் எனப் புதிய அரசு அறிவித்தது. எல்லை முதன்மையானதா, பெயர் முதன்மையானதா என்பதே இவ்வேறுபாட்டின் உட்பொருள் ஆகும்.

பிரிந்தவையும் பிரியாதவையும்

வரைபடத்தில் கோடு வரைவது எளிது. ஒரே குடும்பம்போல் இருந்த நாட்டைப் பங்கிடுவது அவ்வளவு எளிதன்று. பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு நல்ல சான்று. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுக்கு உரியது. அதைப் பேணிக் காப்பதோ கேரள அரசின் தொல்லியல் துறை. மரத்தூண்களும் கருமையாக மின்னும் தரையும் காணச் செல்லும் பயணியர், தமிழ்நாட்டுக்குள் நின்றுகொண்டே கேரள அரசின் நுழைவுச்சீட்டைப் பெறுகின்றனர்.

கோயில்களும் பங்கிடப்பட்டன. திருவிதாங்கூர் மன்னர்களிடமிருந்து அரசு ஏற்றுக்கொண்ட கோயில்களின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டிய கடமை இருந்தது. அதற்காக அரசமைப்புச் சட்டத்திலேயே 290அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளம் 46 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், 1956 நவம்பர் முதல் நாள் தன்னிடம் வந்த பகுதியிலுள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் ஒதுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் நம் ஊர்க் கோயில்களின் விளக்கெண்ணெய்க்கும் ஓர் இடம் இருக்கிறது.

பிரியாத வழக்கம் ஒன்றும் உண்டு. நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் திருவுருவமும், வேளிமலையிலிருந்து முருகன் திருவுருவமும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை திருவுருவமும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவரப்படுகின்றன. தலைநகர் மாறிய காலம் முதல் தொடரும் வழக்கம் இது. களியக்காவிளையில் எல்லையைக் கடக்கும்போது இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கின்றனர். பூசை முடிந்ததும் திருவுருவங்கள் தத்தம் கோயிலுக்குத் திரும்புகின்றன.

இலக்கியமும் எல்லையைப் பொருட்படுத்தவில்லை. சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்துகொண்டே அத்தெருவின் மாந்தரைத் தமிழ்க் கதைகளாக்கினார் ஆ. மாதவன். இரணியல் மக்களின் வாழ்வைத் 'தலைமுறைகள்' என்னும் புதினமாக எழுதிய நீல பத்மநாபன், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து தமிழிலும் மலையாளத்திலும் எழுதினார். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள்.

கோட்டின் மறுபுறம் நின்றவர்கள்

எந்த இடத்தில் எல்லை வரைந்தாலும் இருபுறமும் சிலர் சிறுபான்மையினர் ஆவர். 1956இல் திருவனந்தபுரத்திலும் தேவிகுளத்திலும் தமிழர் அவ்வாறு நின்றனர். விளவங்கோட்டில் மலையாளம் பேசியோர் சென்னை மாநிலத்தில் அவ்வாறு நின்றனர். அவர்களுடைய குழந்தைகள் எந்த மொழியில் கற்பர்?

மாநிலச் சீரமைப்பு ஆணையம் இதையும் எண்ணிப் பார்த்தது. அதன் விளைவாக அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் திருத்தத்தில் இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. 350அ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 350ஆ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரத் தனி அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. இத்திருத்தமும் நடைமுறைக்கு வந்த நாள் 1956 நவம்பர் முதல் நாளே ஆகும். விழா மேடைகளில் எல்லையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதே விடியலில் பிறந்த இப்பிரிவுகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர்.

350அ பிரிவில் 'முயல வேண்டும்' என்றே எழுதப்பட்டுள்ளது. ஆதலால் வசதி தானாக வந்துவிடுவதில்லை. போதிய மாணவர் சேர வேண்டும், ஆசிரியர் அமர்த்தப்பட வேண்டும், பெற்றோர் கேட்க வேண்டும். ஒரு வகுப்பில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் அவ்வகுப்பு நின்றுபோகவும் கூடும்.

எல்லை வரையப்பட்டபின்னும் தமிழர் திருவனந்தபுரத்திற்கு வந்துகொண்டே இருந்தனர். 1963 நவம்பர் 21ஆம் நாள் நகரின் கடற்கரையிலுள்ள தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணிற் பாய்ந்தது. அங்கு வளர்ந்த விண்வெளி ஆய்வு நிலையங்களில் பணியாற்ற இராமேசுவரத்து ஆ. ப. செ. அப்துல் கலாம் உள்ளிட்ட தமிழர் பலர் வந்தனர். தொடர்வண்டித் துறை, வங்கி, படைத்துறை ஆகியவற்றின் பணியாளரும் வந்தனர். இடமாற்றம் பெறும் நடுவண் அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்காக மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டதும் அதே 1963இல்தான்.

1969ஆம் ஆண்டில் கேரளம் தன் ஆட்சிமொழிச் சட்டத்தை இயற்றியது. மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகளாக்கிய அச்சட்டம், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினருக்கும் ஓர் உரிமை வழங்கியது. கேரளத்தில் வாழும் தமிழர் ஒருவர் திருவனந்தபுரத்திலுள்ள தலைமைச் செயலகத்திற்குத் தமிழில் கடிதம் எழுதலாம். அதற்கு வரும் மறுமொழியும் தமிழிலேயே இருத்தல் வேண்டும்.